பத்து விரலும் சிவந்த ஆடி

ஆளின் முகத்தைப் பார்க்கும் முன்பு விரலைப் பார்க்கிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லை. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் என் கண் தராசில் நிற்காது. நகம் நடுவில் குழிந்து வெளுத்துக் கிடந்தால், "உடம்புல ரத்தமே இல்லயே, கீரை விக்கிற ஆளு கீரை தின்ன மாட்டீயளா?" என்று வாய் தானாகக் கேட்டுவிடும். என் மகள் தாமிரா பக்கத்தில் நின்றால் என் முழங்கையைப் பிடித்து இழுப்பாள். பதினோரு வருஷம் பாளையங்கோட்டை நகவாசிப்பு நிலையத்தில் உட்கார்ந்து எழுந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

நகமானி என்ற பெட்டி ஊரை ஆண்ட காலம் அது. இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று நான் முதன்முதலில் விளக்கிச் சொன்னது என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம்தான்.

பெயர் பிரமநாயகம். வண்ணார்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை. காப்பியை நீட்டியபோது கையை நீட்டி வாங்கவில்லை. "அங்க வச்சிருங்க, ஆறட்டும்" என்றார். இரண்டு கையும் பேன்ட் பைக்குள்ளேயே இருந்தன. எங்களைப் பேச விட்டுப் பெரியவர்கள் கூடத்துக்குப் போனதும் நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"கையில என்ன, அடி கிடி பட்டிருக்கா?"

"இல்ல. பொண்ணு நகம் பாக்குற வேலைன்னு சொன்னாவ. அதான் பயமா இருக்கு."

"மிஷின் இல்லாம ரொம்பத் தெரியாது. பயப்படாதீங்க."

"நகத்துல அப்படி என்னதான் இருக்கு?"

"மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர் வளருது. அடியில இருந்து நுனிக்கு வர ஆறு மாசம் ஆவும். அந்த ஆறு மாசமும் உடம்புல நடந்ததை நகம் எழுதிக்கிட்டே வரும். பெரிய காய்ச்சல் வந்தா குறுக்க ஒரு பள்ளம். பலமான மருந்து தின்னா வெள்ளைக் கோடு. பட்டினி, அதிர்ச்சி, துக்கம் எல்லாத்துக்கும் ஒரு தடம் உண்டு. நம்ம கண்ணுக்கு ஒண்ணு ரெண்டு தெரியும். மிஷினுக்கு நாள் நாளாத் தெரியும்."

"அப்போ நுனியில இருக்கது ஆறு மாசம் முந்தின கதை."

"ஆமா."

"அதை வெட்டிட்டா?"

"வெட்டின துண்டு இருந்தா அதையும் படிக்கலாம். தூரப் போட்டா கதை போச்சு."

அப்போதுதான் கையை வெளியே எடுத்தார். நகம் எல்லாம் மோட்டார் வார்னிஷ் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. பிறகு சொன்னார்: "ஒரே ஒரு கண்டிசன். வீட்டுக்குள்ள நகம் பாக்கக் கூடாது. எனக்கு எங்கயாவது வலிச்சா நானே சொல்லுதேன்."

சரி என்றேன். அந்த ஒரு 'சரி'க்காக இருபத்து நாலு வருஷம் என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நகமானி நல்லதுக்குத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் மட்டும் இருந்தவரை எத்தனையோ பேரைக் காப்பாற்றியது, அதை நான் மறுக்க மாட்டேன். பிறகு வேலைக்கு எடுக்க நகம் கேட்டார்கள். வாடகைக்கு வீடு கொடுக்க நகம் கேட்டார்கள். கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு நக அறிக்கையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அலைந்தார். நோயைக் கண்ட வாசிப்பாளரோ டாக்டரோ அன்று மாலைக்குள் அரசாங்கப் பதிவில் ஏற்றியாக வேண்டும் என்று சட்டமும் வந்தது. மருதாணி வைத்த நகத்தை மட்டும் அந்தப் பெட்டிக்குப் படிக்கத் தெரியாது. சாயம் நகத்துக்குள் ஊறிவிடுவதால் வெறும் சிவப்புத்தான் காட்டும். 'மருதாணி வைத்திருந்தால் ஆறு மாதம் கழித்து வரவும்' என்று எங்கள் வாசலில் போர்டு தொங்கியது.

நான் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவள். கங்கைகொண்டானில் இருந்து சுயம்புக்கனி என்று ஒரு பெண் கல்யாண அறிக்கைக்கு வந்தாள். காச நோய்க்கு மருந்து தின்று குணமான தடம் அவள் நகத்தில் இருந்தது. "அக்கா, அதான் சரியாயிட்டே, விட்டுருங்களேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுதினேன். கல்யாணம் நின்றது. அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் சோற்றைப் பிசைந்த கையோடு என்னைப் பார்த்தார்.

"எழுதாம விட்டிருக்கலாமேட்டி."

"கண்டதை எழுதுறதுதான் என் வேலை. எனக்கு வேண்டியவங்கன்னா ஒரு சட்டமா?"

"எனக்குன்னாலும் எழுதுவியோ?"

"உங்களுக்குன்னா ரெண்டு தடவை எழுதுவேன்" என்றேன். தமாஷுக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்காமல் சாப்பிட்டு முடித்தார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. தத்துக்கு எழுதிப் போட்டோம். அதற்கும் நகம்தான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வெட்டிய நகத்தை இரண்டு தடவை உறையில் போட்டு, வெட்டிய தேதியை எழுதிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். முதல் தடவை விண்ணப்பத்தோடு, இரண்டாவது பிள்ளையைக் கொடுப்பதற்கு முன். ஒரு கோடு தப்பாக இருந்தாலும் வரிசையில் இருந்து பெயர் போய்விடும். அந்த வருஷம் பங்குனியில் முதல் உறை போய், எங்கள் பெயர் பட்டியலில் ஏறியது. அவர் ஊதுபத்தி கொளுத்தி வைத்ததும், நான் கேலி பண்ணியதும் எல்லாம் அப்படியே கண்ணில் நிற்கிறது.

வெட்டிய நகத்துக்கு அவரிடம் ஒரு சடங்கு உண்டு. நகத்தைத் தரையில் சிந்த விட மாட்டார். யாராவது எடுத்துச் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று அவர் வீட்டில் சின்ன வயதிலேயே பழக்கியிருந்தார்கள். தீப்பெட்டியில் போட்டு வைப்பார், பெட்டி நிறைந்ததும் கருவேப்பிலை மரத்தடியில் புதைப்பார். "உங்க நகத்துக்குச் செய்வினை வைக்க இந்த முருகன்குறிச்சியில யாருக்குங்க நேரம் இருக்கு?" என்று நான் வம்பிழுப்பேன். என் நகத்தை நான் ஜன்னல் வழியாக வீசுவேன், அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பக்கத்து வீட்டு மரத்தில் மருதாணி பறித்து, கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தேன். வேலை காரணமாக நான் விரலில் வைப்பதில்லை, பாதத்துக்குத்தான் வைப்பேன். அவர் வந்து பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பத்து விரலையும் நீட்டினார்.

"எனக்கும் வச்சு விடு."

"ஆம்பளைக்கு எதுக்குங்க மருதாணி? கடையில பையனுவ சிரிப்பானுவ."

"சிரிச்சா சிரிக்கட்டும். சூடு பிடிச்சிருக்கு, குளிர்ச்சின்னு சொல்லுதாவல்லா? தொப்பி போட்டு விடுட்டி."

விரல் விரலாக உருட்டித் தொப்பி போட்டுவிட்டேன். அவர் கை என் மடியில் கிடந்தது. இரண்டு மணி நேரம் எதையும் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தார். மூக்கு அரித்தால் என்னைக் கூப்பிட்டார். கொழுக்கட்டையை நான்தான் பிட்டுப் பிட்டு ஊட்டினேன். வாயில் கொழுக்கட்டையோடு மோட்டார் கதை சொன்னார், நான் சிரித்துச் சிரித்துப் புரையேறினேன். கழுவியபோது பத்து விரலும் ரத்தச் சிவப்பு. "பொண்டாட்டி மேல பிரியம் ஜாஸ்தியா இருந்தாத்தான் இப்படிப் பிடிக்கும்" என்று பீற்றிக்கொண்டார். என் வாழ்க்கையில் திரும்ப ஒரு மத்தியானம் கிடைக்கும் என்றால் நான் அதைத்தான் கேட்பேன்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தாமிரக் கம்பி வாங்க மதுரைக்குப் போனார். வந்து இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் படுப்பார், பஸ் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்பார். ஆவணியில் திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தார். பிள்ளைக்காக முருகனிடம் வேண்டுதல் என்றார். எனக்கு மனசு நிறைந்துபோனது. ஐப்பசியில் நகத்தின் அடியில் வெள்ளை வளர்ந்ததும் திரும்ப மருதாணி கேட்டார். "பொம்பளை தோத்தா உங்ககிட்ட" என்று சொல்லிக்கொண்டே திரும்பவும் வைத்துவிட்டேன்.

கார்த்திகையில் இரண்டாவது உறை கேட்டுச் சென்னையில் இருந்து கடிதம் வந்தது. என் நகத்தை நான் வெட்டிக் கொடுத்தேன். அவர் தன்னுடையதைப் போட்டு, இரண்டையும் ஒட்டி, தானே தபாலாபீஸுக்குக் கொண்டுபோனார். மார்கழியில் பதில் வந்தது. இருவருக்கும் 'தெளிவு'. தை பிறந்ததும் தாமிராவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். மூன்று வயது. பெற்ற தாய் அந்தப் புரட்டாசியில்தான் இறந்திருந்தாள். பிள்ளை ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு அவர் தோளை விட்டு இறங்கவில்லை.

சித்திரையில் அவர் கடையில் மயங்கி விழுந்தார். ரத்தத்தில் நோய். ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் அந்தச் சிவப்பு விரல்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க நகவாசிப்பாளர்தானே? இந்த நகம் எப்படி வெளுத்திருக்கும். வீட்டுல ஒரு தடவை பாத்திருந்தா, ஆறு மாசத்துக்கு முன்னாடியே பிடிச்சிருக்கலாம்."

ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார். கடைசி வரைக்கும் 'எங்கே வலிக்கிறது' என்று சொல்லவே இல்லை.

நான் வேலையை விட்டேன். டைலர் கடை வைத்துப் பிள்ளையை வளர்த்தேன். வீட்டுக்குள் மருதாணி வாசம் வரவிடவில்லை. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொண்டு வந்த தாமிராவை, பத்து வயதுப் பிள்ளையை, அழ அழச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். பத்து வருஷத்துக்கு முன்பு, அவள் காலேஜில் படிக்கும்போது, சட்டத்தை ரத்து செய்தார்கள். நகமானி பழையபடி ஆஸ்பத்திரிக்குள் போய் அடங்கியது.

இந்த ஆவணியில் தாமிராவுக்குக் கல்யாணம். அவள் இப்போது ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். போன புதன்கிழமை சாயங்காலம் ஒரு கூடை மருதாணி இலையோடு வந்து நின்றாள்.

"யம்மா, இந்த ஒரு தடவை நீ எதுவும் சொல்லக் கூடாது. எனக்கு வச்சு விடு."

"வெளிய போய் வச்சுக்கோ. என் கையால வைக்க மாட்டேன்."

"ஏன்னு சொல்லு. இருபத்தேழு வயசாச்சு எனக்கு. இன்னிக்காவது சொல்லேன்."

சொன்னேன். ஆடி மத்தியானம், மதுரை, மொட்டை, டாக்டர் கேட்ட கேள்வி எல்லாம். அதோடு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன்.

"மார்கழியில 'தெளிவு'ன்னு காயிதம் வந்துச்சுல்லா. அன்னிக்கே எனக்குத் தெரியும். செவந்த நகத்தை மிஷின் படிக்காது. அப்போ இந்த மனுசன் எந்த நகத்தை அனுப்பினாரு? மருதாணிக்கு முன்னாடி வெட்டின பழைய துண்டை, தீப்பெட்டியில இருந்து எடுத்து, புதுத் தேதி போட்டு அனுப்பியிருக்காரு. ஒரு நிமிசத்துல புரிஞ்சுபோச்சு. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நான் கேக்கலை."

"ஏம்மா?"

"கேட்டா எழுதணும். எழுதினா நீ கெடைக்க மாட்ட. மருதாணி வச்சதால தாமதமாவும்னு பயந்து செஞ்சிருப்பாருன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். ஊரான் வீட்டுப் பொண்ணு நகத்துக்கு நியாயம் பேசினவ, எனக்கு ஒரு பிள்ளை வேணும்னதும் வாயை மூடிக்கிட்டேன். அன்னிக்குக் கேட்டிருந்தா அவரு பொழைச்சிருப்பாருட்டி. அவரைக் குடுத்துத்தான் உன்னை வாங்கினேன்."

தாமிரா கூடையைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்பாவோட தீப்பெட்டி ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. அவர் புதைக்காமல் விட்ட கடைசிப் பெட்டி. பீரோவில், அவர் கல்யாண வேட்டிக்கு நடுவில். நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

"இப்ப வந்திருக்க மிஷின் மருதாணிக்குள்ளயும் படிக்கும். பாக்கட்டுமா?"

பார்த்து என்ன ஆகப்போகிறது? ஆறு மாதம் முன்பே பிடித்திருக்கலாம் என்ற அந்த டாக்டரின் பேச்சு, எழுத்தில் வந்து நிற்கும். இருந்தாலும், தெரியாமல் சாக எனக்கு இஷ்டமில்லை. "பாரு" என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை திரும்பி வந்தாள். முகத்தில் இருந்து ஒன்றும் தெரியவில்லை. சமையல்கட்டில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காகிதத்தை விரித்தாள்.

"மருதாணி நிறம் மாறுற இடத்தை வச்சுக் கணக்குப் போட்டா, எல்லாமே கார்த்திகையில இருந்து பங்குனி வரைக்கும் வெட்டின துண்டும்மா. அப்படின்னா அதுல எழுதியிருக்கது வைகாசியில இருந்து. வெள்ளைக் கோடு பாரு. இது ஆனி ரெண்டாவது வாரம். அடுத்தது மூணு வாரம் கழிச்சு. அப்புறம் மூணு வாரம். கடைசி வரைக்கும் தப்பாம வருது. சும்மா நோயிக்கு இப்படிக் கோடு வராது. இது மருந்து. பலமான மருந்து."

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. மதுரை. தாமிரக் கம்பி. பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாத வயிறு.

"அப்போ அந்த மொட்டை?"

"மருந்துல முடி கொட்டியிருக்கும். நீ பாக்குறதுக்கு முன்னாடி முருகனுக்குக் குடுத்துட்டாரு." அவள் என் கையைப் பிடித்தாள். "யம்மா, நீ மருதாணி வைக்கும்போதே அவருக்கு வைத்தியம் ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆயிட்டு. யாரோ ஒரு டாக்டர் பதிவுல ஏத்தாம பாத்திருக்காரு. நீ நகத்தைப் பாத்திருந்தாலும், மார்கழியில கேட்டிருந்தாலும், இதைவிட மேலா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. நான் மட்டும் வந்திருக்க மாட்டேன்."

'உங்களுக்குன்னா ரெண்டு தடவை எழுதுவேன்' என்று நான் சொன்னதும், அவர் சிரிக்காமல் சாப்பிட்டதும் ஞாபகம் வந்தது. பாவி மனுசன் என்னை நம்பாமல் மறைக்கவில்லை. நான் எழுதிவிடுவேன் என்று நம்பித்தான் மறைத்திருக்கிறார். தனக்கு நேரம் குறைவு என்று தெரிந்து, நான் ஒற்றையாக நிற்கக் கூடாது என்று, ஒவ்வொரு மூன்று வாரமும் அந்தக் கஷ்டத்தை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் கம்பி விலை பேசியிருக்கிறார். நான் அழுதேன். இருபத்து நாலு வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன், அவள் தடுக்கவில்லை.

அழுது முடித்து முகம் கழுவி வந்தபோது, தாமிரா அந்தத் தீப்பெட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. இதுல பத்துத் துண்டு மட்டும் செவப்பா இல்ல. ரொம்பச் சின்னது, அரிசி நொய் மாதிரி. பெரியவங்க நகமே இல்ல. யாருதுன்னு நினைக்க?"

பெட்டியை வாங்கி உள்ளே பார்த்தேன்.

"மிஷின்ல வச்சுப் பாத்தேன். புரட்டாசியில ஆழமா ஒரு பள்ளம். பத்து விரல்லயும் ஒரே இடத்துல. ஒரு சின்னப் பிள்ளை ரொம்ப பயந்து, சாப்பிடாம கெடந்த தடம்."

தாமிரா வந்த மறுநாள் அவளைக் குளிப்பாட்டியபோது, பத்து நகமும் ஒட்ட வெட்டியிருந்தது. குழந்தைகள் இல்லத்திலேயே வெட்டி அனுப்பியிருப்பார்கள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்? நான் தூங்கிக்கொண்டிருந்த காலை நேரத்தில், யாரோடும் பேசாத பிள்ளையை மடியில் வைத்து, அவர்தான் வெட்டிவிட்டிருக்கிறார். யாரும் செய்வினை வைத்துவிடக் கூடாது என்று, தன் நகத்தோடு சேர்த்துப் பெட்டியில் போட்டு மூடியிருக்கிறார்.

"அவரு முகமே எனக்கு ஞாபகம் இல்லம்மா. போட்டோவப் பாத்து அப்பான்னு சொல்லிக்கிட்டேன், அவ்வளவுதான். என்னைப் பெத்தவ செத்த நாளு என் விரல்ல இருந்திருக்கு. அதை அவரு வெட்டி எடுத்துட்டாரு." தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரியாமலே."

நேற்றுக் காலை இரண்டு பேரும் கருவேப்பிலை மரத்தடியில் அந்தப் பெட்டியைப் புதைத்தோம். மத்தியானம் அம்மியைக் கழுவி மருதாணி அரைத்தேன். அவள் பத்து விரலுக்கும் தொப்பி போட்டு முடித்ததும், கிண்ணத்தில் கொஞ்சம் மீதி இருந்தது.

"தொப்பியோட என்னால வச்சு விட முடியாது" என்றாள் தாமிரா. "நீயே வச்சுக்கோ."

வைத்துக்கொண்டேன். பிறகு, விரலை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எதையும் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு மூக்கு அரித்தது. என் முழங்கையை நீட்டினேன்.